ஈப்பர்: இடிந்து எழுந்த ஊரும் அதைச் சுற்றிய போர்க்களமும் – முதல்முறை போகிறவர்களுக்கு

பெல்ஜியத்தின் மேற்கு ஓரத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கும் சின்ன ஊர் ஈப்பர். 13-ஆம் நூற்றாண்டில் இது சின்ன ஊர் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த கம்பளியைத் துணியாக நெய்து ஐரோப்பா முழுக்க விற்ற பணக்காரத் துணிச்சந்தை. கெண்ட், புரூஜ் நகரங்களுக்கு அடுத்து பிளாண்டர்ஸ் பகுதியில் இதன் பெயரைத்தான் சொல்வார்கள். முதல் உலகப் போரில், 1914 முதல் 1918 வரை, பிரிட்டிஷ் தரப்புப் படைகள் இந்த ஊரை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றன. ஊருக்கு மூன்று பக்கமும் ஜெர்மன் பீரங்கிகள். போர் முடிந்தபோது நின்ற சுவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பெரும்பாலோர் பிரஸ்ஸல்ஸ் அல்லது புரூஜிலிருந்து ஒரே நாளில் பேருந்தில் வந்து, நான்கைந்து கல்லறைத்தோட்டங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அப்படிப் போனால் வெள்ளைக் கற்கள் மட்டும்தான் நினைவில் நிற்கும். இங்கே பார்க்க வேண்டியது நிலம். ஊர் ஒரு தட்டின் நடுவில் இருக்கிறது, தட்டின் கிழக்கு விளிம்பு கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. அந்த விளிம்புக்காகத்தான் நான்கு வருடம் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். விளிம்பின் உயரம் ஒரு பத்து மாடிக் கட்டடம் அளவுதான். பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. சைக்கிள் மிதிக்கிறவரின் தொடைக்குத் தெரியும். கீழே சொல்லும் திட்டம் முழுக்க அந்த ஏற்றத்தைக் கண்ணாலும் காலாலும் அறிவதற்கானது. அதற்கு இரண்டு இரவு தங்க வேண்டும். ஒரே ஒரு இரவுதான் முடியும் என்றாலும் தங்கியே ஆக வேண்டும், காரணம் பின்னால் வருகிறது.

பெயர்க் குழப்பம்

ஒரே ஊருக்கு மூன்று பெயர். உள்ளூர் டச்சு மொழியில் ஈப்பர். பிரெஞ்சிலும் ஆங்கில வரலாற்று நூல்களிலும் ஈப்ர. பிரிட்டிஷ் சிப்பாய்கள் வாய்க்கு வந்தபடி வைப்பர்ஸ் என்றார்கள். ரயில் நிலையப் பலகையில் டச்சுப் பெயர் மட்டுமே இருக்கும். அதன் முதல் எழுத்து பெரிய 'ஐ'. சில எழுத்துருக்களில் அது சின்ன 'எல்' போலவே தெரிவதால் 'லெப்பர்' என்று படித்துவிட்டு, இது வேறு ஊர் என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு.

மற்ற ஊர்களுக்கும் இதே கதைதான். பிரான்ஸில் உள்ள லீல் நகரம் பெல்ஜியச் சாலைப் பலகையில் 'ரெய்சல்'. கோர்த்ரே 'கோர்ட்ரெய்க்'. மெசீன் 'மேசன்'. கார் ஓட்டுகிறவர்கள் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். லீலைத் தேடிக்கொண்டே லீலுக்குப் போகும் திருப்பத்தைத் தவறவிடுவது இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கும்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்லது. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும், சைக்கிள் திட்டம் பாதியில் நிற்கும். குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல் அருங்காட்சியகங்கள். ஊர் நடுவில் உள்ளது குளிர்மாதங்களில் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஊருக்குக் கிழக்கே ஸோனபேகா கிராமத்தில் உள்ளது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை மூடிவிடுவது வழக்கம். தேதியை அவரவர் இணையதளத்தில் பார்த்துவிட்டு அறை பதியுங்கள்.

நவம்பர் 11 போர் நிறுத்த நாள். அன்று காலை நிகழ்ச்சிக்கு முன்பதிவு வேண்டும், விடுதி அறைகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு அந்த வாரம் வேண்டாம். கூட்டத்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

மழை எந்த மாதத்திலும் வரும். இங்குள்ள மண் களிமண், தண்ணீர் கீழே இறங்காது. 1917-ல் பீரங்கிகள் வடிகால்களை எல்லாம் உடைத்துவிட்டதும் வயல் முழுக்க சேற்றுக்குளம் ஆனதற்கு அந்தக் களிமண்தான் காரணம். இன்றும் வயலோரத்தில் ஒரு நிமிடம் நின்றால் காலணியின் அடியில் இரண்டு விரற்கடைக்கு அப்பிக்கொள்ளும். நீர் புகாத காலணி கட்டாயம்.

போய்ச் சேர்வது

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். லண்டனில் சுற்றுலா விசாவில் இருப்பவர்கள் பிரிட்டன் விசாவை வைத்து இங்கே வர முடியாது.

பிரஸ்ஸல்ஸ் தெற்கு நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அந்த நிலையத்துக்கும் பிரெஞ்சில் 'மிடி', டச்சில் 'ஸுயிட்' என்று இரண்டு பெயர். வழியில் கெண்ட் அல்லது கோர்ட்ரெய்க்கில் வண்டி மாற வேண்டியிருக்கலாம். கோர்ட்ரெய்க்கிலிருந்து ஈப்பருக்கு அரை மணி நேரம். இந்தப் பாதையின் கடைசி நிலையம் போப்பரிங்க, எனவே பலகையில் தேட வேண்டிய பெயர் அதுதான். கோர்ட்ரெய்க்கில் வண்டி இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி லீலுக்கும் மறு பாதி போப்பரிங்கவுக்கும் போவது உண்டு. ஏறும் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைப் பாருங்கள். பிளாண்டர்ஸுக்குள் நுழைந்ததும் அறிவிப்புகள் டச்சில் மட்டுமே வரும்.

லண்டனிலிருந்து காரில் வருபவர்களுக்கு கலே துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். பெல்ஜியத்தில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஒரு சின்னச் சந்திலிருந்து டிராக்டர் நேராக உங்கள் முன் வந்து நின்றால் சட்டப்படி தவறு உங்களுடையது. ஊர்ச் சதுக்கத்தில் சனிக்கிழமை காலை வாரச்சந்தை கூடும். வெள்ளி இரவு அங்கே காரை நிறுத்திவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

ரயில் நிலையத்திலிருந்து சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை. மதில் வட்டத்துக்குள் அறை எடுத்தால் ஊருக்குள் வண்டியே தேவையில்லை.

முதல் நாள்: முதலில் ஏறுங்கள்

சதுக்கத்தில் நிற்கும் நீண்ட கோதிக் கட்டடம் துணி மண்டபம். உள்ளூர்ப் பெயர் லேக்கன்ஹால. 13-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி 1304-ல் முடித்தார்கள். பக்கத்தில் ஓடிய ஈப்பர்லே ஆற்றிலிருந்து படகுகள் நேராக மண்டபத்துக்கே கம்பளியைக் கொண்டுவந்து இறக்கின. இன்று அந்த ஆறு தெருவுக்கு அடியில் மூடப்பட்டு ஓடுகிறது.

இப்போது நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி இடிபாட்டிலிருந்து மறுபடி கட்டியது. 1933-ல் தொடங்கிய வேலை 1967-ல்தான் முடிந்தது. போர் முடிந்ததும் இடிபாட்டை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டுவிட வேண்டும் என்று வின்ஸ்டன் சர்ச்சில் வாதிட்டார். ஊர்க்காரர்கள் திரும்பி வந்து பலகைக் குடிசைகளில் தங்கி, பழைய வரைபடங்களைப் பார்த்து வீடுகளைப் பழையபடியே எழுப்பினார்கள். 'இது அசல் இல்லையே' என்று சலித்துக்கொள்கிற பயணிகள் உண்டு. செத்த ஊரை அதன் மக்கள் கல் கல்லாக மீட்ட செயல், மிஞ்சி நின்ற எந்த அசலுக்கும் குறைந்ததில்லை.

அசலும் கொஞ்சம் இருக்கிறது. மண்டபத்தின் அடிச்சுவருக்கு அருகில் போய் நின்று பாருங்கள். கீழ்வரிசைக் கற்கள் சில கறுத்து, விளிம்பு உதிர்ந்து, அம்மைத் தழும்புபோல் குழி விழுந்திருக்கும். அதற்கு மேலே கல் சீராக, வெளிறிய நிறத்தில் ஏறிப்போகும். பழைய கல் எங்கே முடிந்து புதியது எங்கே தொடங்குகிறது என்பதைக் கையால் தடவியே கண்டுபிடிக்கலாம். வழிகாட்டிகளின் பின்னால் ஓடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மண்டபத்துக்குள் மாடியில் 'இன் பிளாண்டர்ஸ் பீல்ட்ஸ்' போர் அருங்காட்சியகம். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே மணிக்கூண்டு ஏறவும் சேர்த்துக் கேளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம். 231 படி, குறுகிய சுழல்படி, மேல்பகுதியில் எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். முடிந்தவர்கள் முதலில் அருங்காட்சியகத்தைப் பாருங்கள், அதற்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசியில் கூண்டு ஏறுங்கள். மேலே நின்று கிழக்கே பாருங்கள். அடிவானத்தில் மெலிதாக ஒரு கோடு உயர்ந்திருக்கும். அங்கே உட்கார்ந்திருந்த ஜெர்மன் பார்வையாளருக்கு இந்த ஊரில் அடுப்பு புகைந்தாலும் தெரிந்திருக்கும். நாளை நீங்கள் போகப்போவது அந்தக் கோட்டுக்குத்தான்.

இந்தக் கூண்டிலிருந்து ஒருகாலத்தில் உயிருள்ள பூனைகளைக் கீழே வீசும் கொடூர வழக்கம் இருந்தது. கடைசியாக 1817-ல் நடந்தது. இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை மே மாதம் பூனைத் திருவிழா எடுக்கிறார்கள், பொம்மைப் பூனைகள்தான் பறக்கும். கடந்த விழா 2024-ல் நடந்தது.

பின்புறம் புனித மார்ட்டின் பேராலயம், கால் மணி நேரம் போதும். அதைவிட மதில்நடைக்கு நேரம் கொடுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் வாபான் பலப்படுத்திய மதில், கீழே அகலமான நீரகழி. மேலே மரநிழலில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடைபாதை. தெற்கே லீல் வாயில் அருகில் மதில்மேலேயே ஒரு கல்லறைத்தோட்டம் இருக்கிறது. இருநூறுக்கும் குறைவான கல்லறைகள், கல் வரிசை சரிந்து தண்ணீரைப் பார்த்து இறங்கும். சுற்றுலாக் கூட்டம் இங்கே வருவது குறைவு. மதில்மேல் கிழக்காக நடந்தால் அரை மணி நேரத்துக்குள் மெனின் வாயிலுக்கு வந்துவிடலாம்.

இரவு எட்டு மணி

மெனின் வாயில் 1927 ஜூலை 24 அன்று திறக்கப்பட்ட நினைவு வளைவு. வடிவமைத்தவர் ரெஜினால்ட் புளோம்பீல்ட். போர்முனைக்குப் போன படைகள் இந்தப் பக்கமாகத்தான் ஊரைவிட்டு வெளியேறின. உடல் கிடைக்காமல் போன 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்சுவரிலும் படிக்கட்டுச் சுவரிலும் மதில்பக்கத் தாழ்வாரங்களிலும் வெட்டப்பட்டிருக்கின்றன.

இங்கே தினமும் இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, உள்ளூர்த் தன்னார்வலர்கள் பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற ராணுவ அஞ்சலி இசையை வாசிக்கிறார்கள். 1928-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஊரைப் பிடித்திருந்த நான்கு வருடம் மட்டும் இங்கே நின்றது. 1944 செப்டம்பர் 6 அன்று ஊர் மீண்ட மாலையிலேயே மறுபடி ஒலித்தது. ஒருநாள் பேருந்துகள் எட்டு மணிக்கு முன் கிளம்பிவிடுவதால் இதைப் பார்க்காமலே போகிறார்கள். ஒரு இரவாவது தங்கச் சொன்னது இதற்குத்தான்.

கோடையில் ஏழே காலுக்கு வந்துவிடுங்கள். ஏழே முக்காலுக்கு வந்தால் கயிற்றருகே இடம் இருக்காது. நுழைவுக் கட்டணம் கிடையாது. மலர்வளையம் வைப்பவர்கள் இல்லாத நாளில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இருக்கும் நாளில் அதைவிட நீளும். முடிந்ததும் கை தட்டக் கூடாது. வெளியூர்க்காரர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான், இது கச்சேரி இல்லை, அஞ்சலி. செல்பேசியின் ஒலியையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். நீங்களே மலர்வளையம் வைக்க விரும்பினால் லாஸ்ட் போஸ்ட் சங்கத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும்.

சாப்பாட்டு நேரம் இதனோடு மோதும். உணவகச் சமையலறைகள் பொதுவாக மாலை ஆறுக்குத் திறந்து ஒன்பதுக்கு மூடிவிடும். ஆறு மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அல்லது எட்டரைக்கு மேசை சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். எதையும் செய்யாதவர்கள் ஒன்பதே காலுக்கு வறுவல் கடை வாசலில் நிற்பார்கள். சைவர்களுக்கு அங்கேயும் ஒரு எச்சரிக்கை: பெல்ஜியத்தின் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பது மரபு. 'தாவர எண்ணெயா?' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரண்டாம் நாள்: சைக்கிளில் 35 கிலோமீட்டர்

ஊரில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பழக்கம் விட்டுப்போனவர்கள் பேட்டரி சைக்கிள் எடுங்கள், முந்தின நாளே சொல்லிவையுங்கள். பூட்டு, டியூப் ஒட்டும் பை இரண்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சாலைச் சந்திப்புகளில் சைக்கிள் பாதைப் பலகையில் எண் போட்டிருக்கும். அடுத்தடுத்த எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் வரைபடமே தேவையில்லை. காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குத் திரும்பலாம். சாப்பாட்டையும் தண்ணீரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இடைப்பட்ட கிராமங்களில் கடைகள் குறைவு. கழிவறை பெரிய இடங்களில் மட்டுமே உண்டு.

முதல் நிறுத்தம் வடக்கே கால்வாய்க் கரையில், மூன்று கிலோமீட்டரில், எஸ்ஸெக்ஸ் ஃபார்ம். கால்வாய்க் கரையைக் குடைந்து கட்டிய கான்கிரீட் மருத்துவ அறைகளுக்குள் குனிந்து நுழையலாம். 1915 மே மாதம் இந்த இடத்தில் பணிசெய்த கனடா ராணுவ மருத்துவர் ஜான் மக்ரே எழுதிய கவிதையால்தான் சிவப்புப் பாப்பி பூ போர் நினைவின் அடையாளமானது. இப்போதுள்ள கான்கிரீட் அறைகள் அவர் காலத்துக்குப் பிறகு கட்டியவை. பக்கத்துக் கல்லறைகளில் ஒன்று 15 வயதில் செத்த வாலன்டைன் ஸ்ட்ரட்விக்குடையது. அதைத் தேட வேண்டியதில்லை, எப்போதும் முன்னால் சின்னச் சிலுவைகள் குவிந்திருக்கும்.

கால்வாயைக் கடந்து தொழிற்பேட்டைக்குள் போனால் யார்க்‌ஷைர் பதுங்குகுழி. இருபக்கமும் தொழிற்கூடங்கள், நடுவில் மூட்டை அடுக்கிய வளைந்த குழி. குழி ஏன் நேராக இல்லாமல் வளைந்து வளைந்து போகிறது என்று கேட்பவர்களுக்கு: குண்டு ஒரு மடிப்பில் விழுந்தால் சிதறல் அடுத்த மடிப்புக்குப் போகாது. எதிரி ஒரு முனையில் நுழைந்தாலும் குழியின் மறுமுனை வரை சுட முடியாது. பத்து நிமிடம் போதும்.

அடுத்து லாங்கமார்க், ஜெர்மன் கல்லறைத்தோட்டம். இதைத் தவிர்க்காதீர்கள். 44,000-க்கும் மேற்பட்டவர்கள் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 25,000 பேர் நுழைந்ததும் முன்னால் தெரியும் ஒரே சதுரக் குழியில். நின்ற கல் கிடையாது. தரையோடு பதித்த கறுப்புக் கற்கள், ஒவ்வொன்றிலும் பல பெயர்கள், மேலே ஓக் மரங்கள். பின்னால் மங்கலாக நிற்கும் நான்கு வெண்கல உருவங்கள் எமில் கிரீகர் செய்தவை. பிரிட்டிஷ் தோட்டங்களின் பூச்செடிகளைப் பார்த்துவிட்டு இங்கே நுழைந்தால் தோற்ற நாடு துக்கத்தை எப்படிச் சுமந்தது என்று புரியும்.

1915 ஏப்ரல் 22 மாலை ஜெர்மன் படை இந்தப் பக்கத்திலிருந்துதான் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. மேற்குப் போர்முனையில் முதல் பெரிய விஷவாயுத் தாக்குதல் அது. 5,730 உருளைகள், சுமார் 168 டன். குளோரின் காற்றைவிடக் கனம். அதனால் தரையோடு ஊர்ந்து குழிகளுக்குள் இறங்கியது, குனிந்து ஒளிந்தவர்கள்தான் முதலில் செத்தார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி சாலை முக்கில் நிற்கும் கனடா நினைவுச்சின்னம், தலைகுனிந்த சிப்பாய், அந்த நாட்களுக்கானது.

அங்கிருந்து கிழக்கே மிதிக்கும்போதுதான் கவனம் வேண்டும். பாதை சமமாகத்தான் தெரியும், ஆனால் கியரைக் குறைக்கத் தோன்றும். ஈப்பர் கடல்மட்டத்திலிருந்து 20 மீட்டரை ஒட்டி இருக்கிறது, நீங்கள் போகும் இடம் 50 மீட்டரை ஒட்டி. இறங்கி, சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள். மறைவதற்கு ஒரு மேடும் இல்லை. 1917 ஜூலை 31-ல் தொடங்கி நவம்பர் 10-ல் முடிந்த மூன்றாவது ஈப்பர் போரில் (பாசன்டால போர் என்றும் சொல்வார்கள்) இந்தச் சரிவில்தான் படைகள் ஏறின. ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் முன்னேற நூறு நாளுக்கு மேல் ஆனது.

உச்சியில் டைன் காட். உலகிலேயே மிகப் பெரிய காமன்வெல்த் போர்க்கல்லறைத்தோட்டம். ஏறக்குறைய 12,000 கல்லறைகள், அவற்றில் 8,300-க்கும் மேல் பெயர் தெரியாதவர்களுடையவை. பின்சுவரில் உடல் கிடைக்காத இன்னும் 35,000 பேரை ஒட்டிய பெயர்ப்பட்டியல். பார்வையாளர் கூடத்தை அடுத்த பாதையில் இறந்தவர்களின் பெயரையும் வயதையும் ஒரு பெண்குரல் விடாமல் வாசித்துக்கொண்டே இருக்கும். நடுவிலுள்ள பெரிய சிலுவை ஒரு ஜெர்மன் கான்கிரீட் அரணின் மேல் எழுப்பப்பட்டது. பீடத்தில் ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள், உள்ளே அந்தக் கான்கிரீட் தெரியும். பீடத்தின் படிகளில் ஏறி மேற்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஈப்பரின் கோபுரங்கள் தெரியும். நேற்று அங்கிருந்து இங்கே பார்த்தீர்கள். நிலத்தின் கணக்கு இப்போது முடிந்தது.

அங்கிருந்து பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட சைக்கிள் பாதையில் ஸோனபேகா மூன்று கிலோமீட்டர். பாசன்டால போர் அருங்காட்சியகத்தில் தரைக்கடியில் மறுபடி அமைத்த பதுங்கறைகளின் உள்ளே நடக்கலாம், கூரை தாழ்வு. அங்கிருந்து ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர். இந்தப் பகுதியில் தென்மேற்குக் காற்றுதான் அதிகம், அதனால் திரும்பும் வழியில் காற்று முகத்தில் அடிக்கும். பேட்டரியைக் காலையிலேயே தீர்த்துவிடாதீர்கள்.

தொடக் கூடாதது

வயலோரத்தில், மின்கம்பத்தின் அடியில், துருப்பிடித்த இரும்பு உருளை வைத்திருப்பதைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள். உழும்போது கிளம்பும் வெடிக்காத பீரங்கிக் குண்டுகளை விவசாயிகள் இப்படி ஓரமாக வைப்பார்கள், ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்து எடுத்துப்போகும். சிலவற்றில் இன்னும் விஷவாயு இருக்கிறது. 2014 மார்ச்சில் ஈப்பரில் கட்டட வேலை நடந்த இடத்தில் ஒரு பழைய குண்டு வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். சின்னத் தோட்டாவைக்கூட நினைவுப்பொருளாக எடுக்காதீர்கள், ரயில் பாதுகாப்புச் சோதனையில் பெரிய சிக்கலாகும்.

மூன்றாம் நாள் கிடைத்தால்

தெற்கே ஐந்து கிலோமீட்டரில் ஹில் 60. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை தோண்டிய மண்ணைக் கொட்டிய குவியல், அவ்வளவுதான். 1917 ஜூன் 7 அதிகாலை 3:10-க்கு மெசீன் மேட்டின் அடியில் 19 சுரங்கவெடிகளை வெடிக்கவைத்தார்கள், அவற்றில் இரண்டு இங்கே. வெடிக்காமல் விட்டுப்போன ஒன்று 1955-ல் இடிமழையில் தானாக வெடித்தது, ஒரு மாடு செத்தது. மரப்பலகைப் பாதையைவிட்டு இறங்காதீர்கள், அடியில் இன்னும் உடல்கள் இருக்கின்றன. வாசலிலுள்ள ஆஸ்திரேலியச் சுரங்கப்படை நினைவுக்கல்லில் விரல் நுழையும் ஓட்டைகள் தெரியும். அவை இரண்டாம் உலகப் போரின் தோட்டாக்கள்.

அல்லது ஒரே நிலையம் தள்ளி போப்பரிங்க. அங்கே டால்பட் ஹவுஸ், 1915 டிசம்பரில் திறந்த சிப்பாய்களின் ஓய்வு இல்லம். பதவி பார்க்காமல் எல்லோரையும் சேர்த்தது. இன்றும் அதே வீட்டில் தங்கலாம்.

இந்திய வீரர்களைத் தேடுகிறவர்களுக்கு

1914 அக்டோபர் கடைசியில் இந்தியப் படை இந்தப் போர்முனைக்கு வந்துவிட்டது. ஈப்பருக்குத் தெற்கே ஹோலபேகாவில் அக்டோபர் 31 அன்று 129-ஆவது பலூச்சி ரெஜிமென்ட் சிப்பாய் குதாதாத் கான், கூட இருந்தவர்கள் எல்லோரும் விழுந்த பிறகும் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கினார். விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர்தான். 1915 விஷவாயுத் தாக்குதலுக்கு நான்கு நாள் கழித்து இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் இதே வயல்களில் தாக்கியது. ஜமேதார் மீர் தஸ்த் அன்றைய வீரத்துக்காக அதே விருது பெற்றார்.

மெனின் வாயிலில் 400-க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் உண்டு. தேடும் முறை இது: கிளம்பும் முன் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடி, பலகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் முதலில் ரெஜிமென்ட், அதற்குள் பதவி, அதற்குள் அகரவரிசை. எனவே ரெஜிமென்ட் தெரியாமல் சுவரில் தேடிப் பயனில்லை. சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் என்று நமக்குப் பழகிய பதவிச் சொற்களே ஆங்கில எழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். பெயர்களை அன்றைய எழுத்தர்கள் கேட்டபடி எழுதியதால் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள். பிரிட்டிஷ் பெயர் கிடைக்கவில்லை என்றால் இறந்த தேதியைப் பாருங்கள்: 1917 ஆகஸ்ட் 16 முதல் இறந்தவர்கள் டைன் காட் சுவரில் இருப்பார்கள். வாயிலின் தெற்குப் படிகளில் ஏறினால் மதில்மேட்டுப் புல்வெளியில் இந்தியப் படைகளுக்கான தனி நினைவுச்சின்னம் இருக்கிறது. இசை முடிந்து கூட்டம் சதுக்கத்துக்குத் திரும்பும்போது அங்கே போனால் பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

கார் இருந்தால் பிரான்ஸுக்குள் நவ்-ஷப்பெல் போய்வாருங்கள், முக்கால் மணி நேரம். பொதுப் போக்குவரத்தில் போவது சிரமம். 1927-ல் திறந்த இந்திய நினைவிடம் இது, ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்தது. வட்டமான சுவரில் 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின், தொழிலாளர்களின் பெயர்கள். நடுவில் தாமரை முடி வைத்த தூண், இருபுறமும் கல்லில் புலி. நினைவிடம் வேகமாக வண்டிகள் ஓடும் சாலைச் சந்திப்பில் இருக்கிறது, நிறுத்த இடம் குறைவு. வாசலை ஒட்டி நிறுத்த முயலாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். இங்கே வண்டிகள் நம் ஊருக்கு எதிர்ப்பக்கத்தில் வரும்.